நோயாளர் பார்வையில், ஒரு பக்கத்துக்கு மிகாமல்

ஓய்வு பெற்ற தாதிமாரை வைத்தியசாலை இரண்டு காரியங்களுக்குத்தான் நினைத்துக்கொள்ளும். பழைய டொக்டர் எவராவது காலமானால் மலர்வளையத்துடன் போக ஆள் தேவை. விழா என்றால் மலருக்குக் கட்டுரை தேவை. போன வருடம் மாரி தொடங்குகிற நேரத்தில், தன்னாமுனையில் என் வீட்டுப் படலையடியில் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். எவரும் சாகவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் வைத்தியசாலையின் அபிவிருத்தி உத்தியோகத்தர். விழா மலர்க் குழுவுக்குச் செயலாளர். நான் வேலை செய்த உளநலப் பிரிவுக்கு விழா எடுக்கிறார்களாம். மலர் அநேகமாக முடிந்துவிட்டது என்றார். வாழ்த்துச் செய்திகள் வந்துவிட்டன. நிபுணர்கள் கதிரையில் உட்கார்ந்திருக்கும் படங்கள் வந்துவிட்டன. எந்தக் கட்டடத்தை எவர் நாடா வெட்டித் திறந்தார் என்ற விவரம் முழுவதும் கிடைத்துவிட்டது. பிரிவின் வரலாற்றைத் தொடக்க காலம், வளர்ச்சிக் காலம், பொற்காலம் என்று பிரித்திருக்கிறார்கள். பொற்காலம் எது என்று நான் கேட்கவில்லை. எந்த மலரிலும் அது மலர் வெளிவருகிற காலம்தான்.

"எல்லாம் சரி அக்கா. ஒரு சின்னச் சிக்கல்" என்றார்.

சிக்கல் இதுதான். குழுவின் கூட்டமொன்றுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் அம்மா வந்திருக்கிறார். உளமருத்துவத்தின் வரலாற்றை இதுவரை டொக்டர்மார்தான் எழுதியிருக்கிறார்கள், இனி அதை நோயாளர்களின் பக்கத்திலிருந்து எழுத வேண்டும் என்று பேசியிருக்கிறார். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். கைதட்டியது கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. குறிப்பில் ஏறியதை அரச அலுவலகம் செய்ய வேண்டும். செய்ய முடியாவிட்டால் செய்ததாகக் காட்ட வேண்டும்.

"அதுதான் அக்கா, 'நோயாளர் பார்வையில்' எண்டு ஒரு பக்கம் விட்டிருக்கம்."

"ஒரு பக்கமா?"

"முழுப் பக்கம் அக்கா. விளம்பரம் ஒண்டும் இல்லாம."

பெயர் போடக் கூடாது, முறைப்பாடு இருக்கக் கூடாது, பழைய கசப்புகளைக் கிளறக் கூடாது, நம்பிக்கை தரும்படி முடிய வேண்டும் என்றும் சொன்னார். எழும்பிப் போகும்போது, எந்த நோயாளியையும் கஷ்டப்படுத்தாமல் நானே எழுதித் தந்தாலும் போதும் என்றார். "உங்களுக்குத்தானே அக்கா அவங்கட பார்வை நல்லாத் தெரியும்."

அவர் தந்த வெள்ளைத்தாள் மேசையில் கிடந்தது. எனக்குச் சின்னத்தங்கத்தின் ஞாபகம் வந்தது.

*

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் உள்ளது எங்கள் வைத்தியசாலை. பெயரை எழுதப் போவதில்லை. நான் பென்ஷன் எடுக்கிறவள்.

தாதிப் பயிற்சி முடித்தபோது பிரசவ விடுதிக்குப் போகவே ஆசைப்பட்டேன். தலைமைத் தாதியான மேற்றனோடு ஒரு நாள் எதிர்த்து வாய் காட்டிவிட்டேன். உளநலப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்தப் பிரிவுக்கு வந்த அநேகரின் கதை இப்படித்தான் தொடங்கும். நோயாளிகளும் வீட்டில் எவரோடோ வாய் காட்டிவிட்டு வந்தவர்கள்தான். பயிற்சிக்கென்று சில மாதம் கொழும்புப் பக்கம் அனுப்பினார்கள். குளிசையை விழுங்கியதாகக் காட்டி நாக்கின் கீழே ஒளிக்கிறவர்களைக் கண்டுபிடிக்கவும், ஒருவரின் கையை நோகாமல் பிடிக்கவும் அங்கே பழகினேன். மிச்சத்தைப் பெரிய டொக்டரிடம் பழகினேன்.

பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்தவர். நீளக் கைச்சட்டை போடுவார். சட்டைப் பையில் நாலைந்து பேனா குத்தியிருப்பார். குரலை உயர்த்திப் பேசியதை நான் கேட்டதில்லை. அவர் வருவதற்கு முன் நோயாளிகளைக் கட்டிலோடு கட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. வந்த வாரமே அந்தத் துணிப்பட்டிகளைச் சேர்த்து எரிக்கச் சொன்னவர் அவர்தான். அவரைப் பற்றி இனி என்ன சொன்னாலும் இதை மறந்துவிட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அவருடைய காலை ரவுண்ட்ஸ் கோவில் பூசை மாதிரி. ஒரு சடங்கும் பிந்தக் கூடாது, முந்தக் கூடாது. கட்டில் விரிப்பில் மடிப்பு இருக்கக் கூடாது. பெண்கள் தலை வாரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் உள்ளே வந்ததும் முன்பக்கத்துக் கம்பிக் கதவைப் பூட்டித் திறப்புச் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கதவு திறந்திருந்தால் நோயாளியின் கவனம் சிதறும் என்பது அவருடைய கொள்கை. பிறகு ஒவ்வொரு கட்டிலாக நின்று கேட்பார்.

"சாப்பாடு?"

"நித்திரை?"

"குரல் ஏதும் கேக்குதோ?"

இந்த மூன்றுக்கும் சரியாகப் பதில் வந்தால் நாலாவது கேள்வி வரும். "உங்களுக்கு வருத்தம் இருந்தது எண்டு இப்ப விளங்குதோ?" விளங்குது என்றால் துண்டு வெட்டுவார். வீட்டுக்குப் போகலாம். விளங்கவில்லை என்றால் வருத்தம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இதை நாங்கள் விளங்கிக்கொண்டதைவிட நோயாளிகள் கெதியாக விளங்கிக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பழையவர்கள் சாப்பாட்டு மேசையில் வகுப்பெடுத்தார்கள். ஏறாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி பாடமாக்கியதை அவசரத்தில், டொக்டர் வாய் திறக்கு முன்னரே சொல்லிவிட்டாள். "நல்லம், வருது, இல்ல, விளங்குது." டொக்டருக்கு அவ்வளவு திருப்தி. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் வேலை செய்திருக்கிறது பாருங்கள் என்று மாணவர்களுக்கு அவளைக் காட்டினார்.

இந்த வகுப்பில் சித்தியடைய மறுத்த ஒரேயொருத்தி சின்னத்தங்கம்.

*

அவளுக்கு ஊர் கதிரவெளி. புருசன் கடலுக்குப் போகிறவன். சுனாமி அவளுடைய இளைய பிள்ளையையும் மாமியையும் கொண்டுபோனது. மூத்த மகளும் புருசனும் மிஞ்சினார்கள். சின்னத்தங்கம் அழவில்லை. தெருவில் நின்று வருகிற பஸ்களை மறித்தாள். "கிறுகிப் போங்க, கடல் வருகுது" என்று சாரதியிடம் சொல்வாள். சாரதிமார் நல்லவர்கள். கொஞ்சம் நிறுத்தி, ஓம் அம்மா என்று தலையாட்டிவிட்டு, அவள் விலகியதும் போவார்கள். ஊர் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

பிறகு ஒரு நாள், கடலுக்குக் கிட்ட வீட்டுத்திட்டம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்ட அதிகாரிகள் வந்தார்கள். அவர்களுடைய வாகனத்தின் முன்னால் போய் நின்று, "இஞ்ச கட்டாதங்க, இஞ்சதான் அது வந்த" என்று சொன்னாள். சாமிப்படத்துக்கு வைத்திருந்த பூவைத் தட்டிவிட்டாள் என்றும் சொன்னார்கள். பஸ்ஸை மறித்தவரையில் அது துக்கம். அதிகாரிகளின் வாகனத்தை மறித்த அன்று அது நோயாகிவிட்டது. அடுத்த நாளே புருசனின் தமையன் அவளை எங்களிடம் கொண்டுவந்தார்.

அவளுக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். கண்ணை மூடினால் பிள்ளையின் கை நழுவுகிறது என்று நித்திரை கொள்ளாமல் உட்கார்ந்திருப்பாள். மருந்தும் சாப்பாடும் அவளைத் தேற்றின. சில வாரங்களில் மற்றப் பெண்களுக்குப் பேன் பார்த்தாள், பகிடி விட்டாள், சோற்றில் உப்பில்லை என்று குசினியோடு சண்டை பிடித்தாள். சுகம் வந்துவிட்டது என்பதற்கு உப்புச் சண்டையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் அவளுக்காக டொக்டர் ஐந்தாவது கேள்வி ஒன்றை வைத்திருந்தார்.

"கடல் திரும்ப வருமோ?"

"வரும் டொக்டர்."

"அது வருத்தத்திலை வாற நினைப்பு. இனி வராது."

"வராது எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

"எல்லாருக்கும் தெரியும்தானே அம்மா."

"அண்டைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இரிந்த. வராது எண்டு நீங்க எழுதித் தாங்க டொக்டர். கீழ நான் கையெழுத்து வைக்கிறன்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டில் விரிப்பைப் பார்த்தேன். மருந்தை அரைக் குளிசை கூட்டினார். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். ஒருபோதும் அவர் கோபப்படவில்லை. அவளும் மரியாதை குறைவாக ஒரு சொல் பேசவில்லை. இருவரும் நிதானமாக நின்று கதைப்பதைப் பார்த்தால், எவர் எவரை விசாரிக்கிறார் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது.

"ஒருக்கா வராது எண்டு சொல்லிப்போட்டுப் போவன் புள்ள. மகள் தேடும்" என்று தனியாக அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பொய் சொன்னாத்தான் சுகம் எண்டா இது என்ன ஆஸ்பத்திரி மிஸ்?" என்று கேட்டாள்.

*

அந்த நாட்களில் கடல் வருகுது என்ற கதை அடிக்கடி வரும். எவராவது கரையில் தண்ணீர் உள்வாங்கியதாகச் சொல்வார். ஊர் ஓடும். பிறகு திரும்பி வரும். அப்படி ஒரு நாள் காலை, ரவுண்ட்ஸ் முடியும் தறுவாயில் டொக்டரின் கைத்தொலைபேசி அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். முகம் வெளிறியது. "மிஸ், ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினார். எத்தனையோ வருடப் பழக்கம். திறப்பு அவருடைய பைக்குள் போனது.

யன்னலால் பார்த்தேன். முற்றத்தைக் குறுக்கறுத்து ஓடிக்கொண்டிருந்தார். பேனாக்கள் விழுந்துவிடாமல் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு ஓடினார்.

பிறகுதான் தெருவில் கத்தும் சத்தம் கேட்டது. "கடல் வருகுது, கடல் வருகுது." சாப்பாடு எடுக்கப் போன சிற்றூழியர் திரும்பவில்லை. பெண்கள் விடுதிக்குள் நானும் நோயாளிகளும் மட்டும். கம்பியைப் பிடித்து ஆட்டிக் கத்தினேன். ஓட்டோக்களும் சைக்கிள்களும் தோளில் பிள்ளைகளுடன் ஆட்களும் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பூட்டிய கம்பிக்குப் பின்னால் நின்று கத்தும் பெண்ணைப் பார்த்து அவர் வேறு என்ன நினைப்பார்? வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

என் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில். கதவடியில் உட்கார்ந்து அழுதேன்.

சின்னத்தங்கம் கொண்டையை முடிந்துகொண்டு வந்தாள்.

"மிஸ், ஒழும்புங்க. அது மெய்யாப் பூட்டின கதவு. பொய்க்குப் பூட்டினது பின்னால கிடக்கு. இஞ்சால வாங்க."

குளிக்கும் இடத்துக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடும் முற்றத்துக்குப் போக ஒரு மரக்கதவு உண்டு. அதில் என் உள்ளங்கை அளவு பூட்டு. ஒவ்வொரு மாலையும் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது என்று பதிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். சின்னத்தங்கம் பூட்டைத் தொடவேயில்லை. மறுபக்கம் போனாள். கதவு சுழலும் பிணைச்சல் இருந்த பக்கத்தை இரண்டு பெண்கள் பிடித்து மெல்ல உயர்த்தினார்கள். உப்புக் காற்றில் இற்றுப்போன திருகாணிகள் வெளியே வந்தன. சவர்க்காரம் வைத்து ஒட்டியிருந்தார்கள். பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு மற்றப் பக்கத்தால் திறந்தது.

"இது எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"நான் வரக்குள்ளயே இப்பிடித்தான் மிஸ். வெத்தில வாங்கப் போவம். மறுகா வந்திருவம்."

நடக்க முடியாத ஒரு கிழவியை விரிப்பில் தூக்கினார்கள். மற்றவர்களைக் கைகோக்கச் சொன்னாள். "ஆரும் ஓடாதங்க. ஓடினா விழுவம், விழுந்தா மிதிப்பாங்க." என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். முற்றத்து மூலையில், ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று காட்டும் புதுப் பலகை நின்றது. அதன் அம்புக்குறி நேரே வாவியைக் காட்டியது. சின்னத்தங்கம் நின்று அதைப் பார்த்தாள்.

"இத நட்டவர எங்கட வாட்டுக்கு அனுப்புங்க மிஸ்" என்றாள்.

அழுதுகொண்டே சிரித்தேன். அலுவலகக் கட்டடத்தின் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேலே எழுதுவினைஞர்களும் உத்தியோகத்தர்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் பெரிய டொக்டர். கைகோத்தபடி வரிசையாக ஏறி வந்த எங்களைக் கண்டதும் அவருடைய கை காற்சட்டைப் பைக்குப் போனது. திறப்பை எடுத்துப் பார்த்தார். திரும்பவும் பைக்குள் வைத்தார்.

கடல் வரவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வண்டிதான் வந்தது. நாங்கள் இறங்கி முன்கதவுக்குப் போனோம். டொக்டர் முன்னே வந்து பூட்டைத் திறந்தார். உள்ளே ஒருவரும் இல்லாத விடுதியை அவர் திறந்துவிட, வெளியே நின்ற நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்க் கட்டில்களில் உட்கார்ந்தார்கள். எப்படி வெளியே வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததால் மற்ற எவரும் கேட்கவில்லை. பொறுப்பான உத்தியோகத்தர் கதவைத் திறந்து நோயாளரைப் பாதுகாப்பாக வெளியேற்றினார் என்று அறிக்கை போனது.

அடுத்த நாள் ரவுண்ட்ஸ். சின்னத்தங்கத்தின் கட்டிலடியில் நின்றார். சாப்பாடு, நித்திரை, குரல் எல்லாம் கேட்டார். ஐந்தாவது கேள்விக்கு வாயெடுத்தார். அவள் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, "துண்டு வெட்டுங்கோ" என்றார்.

*

வெள்ளைத்தாளைப் பையில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். கதிரவெளியில் தெருவோரம் சின்னத்தங்கம் ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. மகள் கலியாணம் முடித்துப் பக்கத்திலேயே இருக்கிறாள். என்னைக் கண்டதும், "மிஸ், மெலிஞ்சு போனீங்க. சாப்பிடுற இல்லயா?" என்று அதட்டிக்கொண்டே முட்டிப் பாலைச் சுட வைத்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு.

"நாங்க எழுதுறதா? சரி. எண்டா காலத்த ஒழுங்காப் பிரிச்சு எழுதுங்க. முதல் கட்டின காலம். அது எனக்குத் தெரியா, வாட்டில இரிந்த பழைய ஆக்கள் சொன்ன. மறுகா ஊசிக் காலம். மறுகா உங்கட டொக்டர்ர கேள்விக் காலம். இப்ப கிளினிக் காலம். காலம வந்து மர வாங்கில இரி, பின்னேரம் ஒரு நிமிசம் பாப்பாங்க, துண்டத் தருவாங்க, போ."

"பொற்காலம் எது?"

"உப்புப் போட்டுச் சமைச்ச குசினியாள் ஒருத்தன் வந்தானே, அவன் இரிந்த காலம்."

பிறகு அந்தக் காலையைப் பற்றிச் சொன்னாள். நான் மேலே எழுதியதையெல்லாம், நான் அழுததையும் விடாமல் சொன்னாள். டொக்டர் துணிப்பட்டியை எரித்ததைச் சொல்லச் சொன்னாள். மருந்து தனக்கு நித்திரையைத் தந்தது, இல்லாவிட்டால் தான் செத்திருப்பேன் என்றாள், அதையும் எழுதச் சொன்னாள். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன்.

"என்ட பேரு எங்க?"

"பேர் போடக் கூடாதாம். உனக்குத்தான் பாதுகாப்பு."

"ஆருக்கிட்ட இருந்து பாதுகாப்பு? இந்த ஊருல என்னை விசரி எண்டு தெரியாத ஆள் ஆரு மிஸ்? விசரி எண்டு சொல்லக்குள்ள எல்லாரும் பேரோடதான் சொன்ன. நான் செஞ்ச நல்ல காரியத்தச் சொல்லக்குள்ள மட்டும் பேரு இல்லையா?"

முழுப் பெயரையும் கீழே எழுதினேன்.

*

மலர்க் குழுக் கூட்டத்தில் செயலாளர் தம்பி அந்தப் பக்கத்தை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய பேனா திருத்திக்கொண்டே போனது. அவர் பொல்லாதவர் அல்ல. தமிழை நன்றாக அறிந்தவர், அவ்வளவுதான். "டொக்டர் எங்களுக்கு முன்னால ஓடினவர்" என்பது "வைத்திய நிபுணர் முன்னின்று வழிநடத்தினார்" ஆயிற்று. "பின்கதவால போனம்" என்பது "மாற்று வழியினூடாக" ஆயிற்று. "மிஸ் இருந்து அழுதவ" என்பது "தாதியர் கண்ணீர் மல்கப் பணியாற்றினர்" ஆயிற்று. கீழே இருந்த பெயர் "கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த சகோதரி" ஆயிற்று. ஒரு பொய்யும் எழுதவில்லை என்று சத்தியம் பண்ணலாம். அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

"எதையும் மாத்தயில்ல அக்கா, செம்மைப்படுத்தினதுதான்" என்றார்.

பெரிய டொக்டரும் வந்திருந்தார். ஓய்வு பெற்று, கைத்தடியோடு, விழாவின் கௌரவ விருந்தினர் என்று கூட்டத்துக்கும் அழைக்கப்பட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் தாளைக் கேட்டு வாங்கி வாசித்தார். பிறகு எழும்பினார்.

"இதிலை இருக்கிறதுதான் சரி. நான் ஓடினனான். திறப்பும் என்னட்டைத்தான் இருந்தது. இப்பிடியே போடுங்கோ."

செயலாளர் தம்பி நெகிழ்ந்த குரலில், "சேர்ர பணிவப் பாருங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"பணிவில்லைத் தம்பி. நடந்தது."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பெரியவர்கள் இப்படித்தான் எல்லாப் பழியையும் தங்கள்மேல் போட்டுக்கொள்வார்கள் என்று ஒருவர் எழும்பிப் பேசினார். டொக்டர் மூன்றாம் முறையும் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைத் தட்டி, "ஓம் சேர், ஓம் சேர், இருங்க" என்று அன்பாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நிபுணர் அவர்கள் தமக்கே உரிய அடக்கத்துடன் உரையாற்றினார் என்று குறிப்பில் ஏறியது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லும்போது எதிரே இருப்பவர்கள் இரக்கத்தோடு தலையாட்டினால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மனுசி இப்ப எங்கை?"

*

மலர் அச்சாகி வந்த வாரம் டொக்டரின் காரில் கதிரவெளிக்குப் போனோம். வாகரை தாண்டியதும், "என்னைக் கண்டால் பேசுவாவோ?" என்று ஒருமுறை கேட்டார்.

சின்னத்தங்கம் அவரை உடனே அடையாளம் கண்டாள். வாங்கைத் துடைத்து இருக்கச் சொன்னாள். நான் மலரைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி அந்தப் பக்கத்தை முழுக்க வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆரு மிஸ் இந்தப் பொம்புள? நல்ல மனிசி போல."

டொக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் ஓடினனான் அம்மா. அதைப் போடச் சொன்னனான். அவை போடேல்லை" என்றார்.

"நீங்க ஓடினது எங்களுக்குத் தெரியும் டொக்டர், பாத்துக்கிட்டுத்தானே நிண்ட. உயிருக்குப் பயந்தா ஆரும் ஓடத்தான் வேணும். அது பிழையில்ல. திறப்ப எடுத்துக்கிட்டு ஓடினீங்களே, அதுதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

"அண்டைக்கு நீங்கள் எல்லாரும் எப்பிடி வெளியிலை வந்தனீங்கள்?"

சின்னத்தங்கம் பின்கதவைப் பற்றிச் சொன்னாள். திருகாணி, சவர்க்காரம், வெற்றிலை எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை வருடம் அந்தக் கதவு அப்படி இருந்தது என்று கேட்டார். தனக்கு முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருந்திருக்கும் என்றாள்.

"அப்ப நினைச்ச நேரம் போயிருக்கலாம்" என்றார் டொக்டர். "ஏன் ஒருத்தரும் ஓடிப்போகேல்லை?"

"எங்க போற டொக்டர்? எங்களக் கொண்டுவந்து விட்டவங்க எல்லாரும் வெளியிலதானே இரிந்தாங்க."

கரையில் தோணி வந்த சத்தம் கேட்டது. புருசனின் தோணி. மீன் பிரிக்கப் போக வேண்டும் என்று சேலையைச் செருகிக்கொண்டாள். இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் இப்போது நேரமில்லை என்றாள்.

"நான் இருக்கிறன்" என்றார் டொக்டர்.

"சுணங்கும் டொக்டர், நேரம் போகும்."

"பரவாயில்லை."

அவள் போய்விட்டாள். வெயில் வாங்குக்கு வந்தது. நிழலுக்கு வரச் சொன்னேன், அசையவில்லை. தேத்தண்ணி குடிக்க வந்த ஒருவர், ஐயா ஆரைப் பார்க்க வந்தீர்கள் என்று விசாரித்தார்.

"சின்னத்தங்கத்தை" என்றார் டொக்டர். "வருவா. என்னை இருக்கச் சொன்னவ."